கட்டிக்குள் காவல்

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று. மறுபடி வருமா? வீட்டில் எல்லோருக்கும் இதே கவலைதான். கட்டி எவ்வளவு ஆழம் போனது, எங்கே பரவியது என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் பதில் சொல்லி வந்தார்கள்.

2006-இல் பாரிஸ் ஆய்வாளர் ஜெரோம் கலோனின் குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் கட்டிக்குள் நிறையப் புகுந்திருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. ஆமாம், கட்டிக்குள்ளேயே! தோட்டத்துக்குக் காவல் என்றால் வேலியோரமும் ஆள் வேண்டும், உள்ளேயும் ஆள் வேண்டும் அல்லவா? அதுபோலக் கட்டியின் ஓரத்திலும் நடுவிலும் இந்த அணுக்கள் இருப்பது நல்லது.

இந்த அணுக்களைக் கண்டறிய நோயாளிக்கு மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. எடுத்த கட்டியை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி எண்ணுகிறார்கள். இந்தச் சோதனை எளியவர்களுக்கும் எட்ட வேண்டும் என்பது என் ஆசை.