எள்ளி வென்றவன் ஏற்ற சுமை



எள்ளலைத் தமிழ் இழிவாகக் கருதியதில்லை. அதற்கு இலக்கணமே வகுத்தது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படப் பழித்தல் முன்னது. பழியை மறைத்துச் சொல்லுதல் பின்னது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், நெய் பூசி அணி செய்யப்பெற்ற தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வார்போல் புகழ்ந்து, அவை போர்க்களம் காணாதவை என்பதை அவன் முகத்துக்கு நேரே உணர்த்தினார். ஆயினும் ஔவையார் தொண்டைமானின் இருக்கையை விரும்பவில்லை. எள்ளியவனே எள்ளப்பட்டவனின் இருக்கையில் அமர நேர்ந்தால் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை, வட அத்திலாந்திக்குக் கடலில் உள்ள ஐசுலாந்து என்னும் சிறு நாட்டில் கிடைக்கிறது.

ஏறத்தாழ மூன்று இலக்கம் மக்களே வாழ்ந்த அந்நாட்டின் மூன்று பெரிய வைப்பகங்களும் 2008 அக்குதோபர்த் திங்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. நாட்டு நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தது. அயல்நாட்டு நாணயத்தில் கடன் கொண்டோர் கலங்கினர். 2009 சனவரியில் மக்கள் பானையும் சட்டியும் ஏந்தி நாடாளுமன்றத்தின் முன் தட்டி ஒலி எழுப்பினர், அரசு வீழ்ந்தது. தலைநகராம் இரெய்க்கியவிக்கிலோ, 2006 முதல் 2010 வரையிலான ஒரே ஆட்சிக் காலத்தில் நால்வர் நகரத் தலைவர் பொறுப்பில் மாறி மாறி அமர்ந்தனர்.

அந்நிலையில் யோன் குனார் என்னும் நகைச்சுவைக் கலைஞர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மக்களை நகைக்க வைத்தவர், ஒரு கட்சியைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘மிகச் சிறந்த கட்சி’ என்பது. தம்மைத் தாமே சிறந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் கட்சிகளை அப்பெயரே எள்ளி நகைத்தது. நீச்சற்குளங்களில் அனைவருக்கும் விலையில்லாத் துண்டு. விலங்குக் காட்சிச்சாலைக்கு ஒரு பனிக்கரடி. 2020க்குள் போதைப்பொருள் இல்லாத நாடாளுமன்றம். இவை அவர் தந்த உறுதிமொழிகள். இவற்றுக்கெல்லாம் முடியாக, தந்த உறுதிமொழிகளைக் காக்கப் போவதில்லை என்றும் உறுதிமொழிந்தார்! மேடையில் நடிப்பதை விடுத்துத் தேர்தலையே மேடையாக்கிய நிகழ்த்துகலை அது. அவருடன் நின்றோருள் பாடகரும் இசைவாணரும் இருந்தனர்.

2010 மேத் திங்கள் 29ஆம் நாள் ஒப்போலைகள் எண்ணப்பட்டன. நூற்றுக்கு 34.7 விழுக்காடு அவர் கட்சிக்கு விழுந்திருந்தது. மன்றத்தின் 15 இருக்கைகளில் 6 அவர்களுடையவை. பிற கட்சி எதற்கும் அத்துணை இருக்கைகள் இல்லை. மூன்று இருக்கைகள் பெற்ற குமுகாய மக்களாட்சிக் கட்சியுடன் கூட்டமைத்து, யோன் குனார் நகரத் தலைவரானார்.

ஒப்போலை என்ன விளையாட்டுப் பொருளா என்று சினப்போர் உண்டு. அச்சினம் முறையானதே. பல தலைமுறையினர் போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் அதை முதலில் விளையாட்டுப் பொருளாக்கியவர் யார்? இறுகிய முகத்தோடு உறுதிமொழி தந்து, இறுகிய முகத்தோடே அதைக் கைவிட்டவர்கள் அல்லரோ? நான்காண்டில் நால்வர் மாறி அமர்ந்ததைவிடப் பெரிய கூத்தை எந்தக் கூத்தன் ஆடிக்காட்டினான்? குனார் செய்தது கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தது மட்டுமே.

ஆனால் கண்ணாடி பிடித்தவன் கையில் சுமை ஏறியது. நகரத்துக்கு வெந்நீரும் மின்னும் வழங்கும் நிறுவனம் நகர மன்றத்துக்கே பெரும்பங்கு உரியது. அது அயல்நாட்டு நாணயத்தில் பெருங்கடன் பட்டிருந்தது. நாணய மதிப்பு வீழ்ந்தபோது அக்கடன் மலையாயிற்று. நகைக்க வைத்தவர் இப்போது மக்களிடம் கட்டண உயர்வைச் சொல்ல வேண்டியிருந்தது. நிறுவனத்தில் பலர் வேலை இழந்தனர். செலவைக் குறைக்கப் பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது பெற்றோர் சினந்து எழுந்தனர். பனிக்கரடி வரவில்லை, கட்டணச் சீட்டு வந்தது. ஆயினும் அவர் பொறுப்பை விட்டு ஓடவில்லை. நான்காண்டும் நிறைவுற அமர்ந்தார். அந்நிறுவனமும் கடன் சுமையிலிருந்து மெல்ல மீளத் தொடங்கியது. வெற்றி பெறும் வாய்ப்பு இருந்தும் 2014 தேர்தலில் அவர் மீண்டும் நிற்கவில்லை, கட்சியும் கலைந்தது.

பின்னர் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. 2024 சூன் முதல் நாள் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் உண்மையாகவே வெற்றி வேண்டி நின்றார். பத்து விழுக்காட்டளவே பெற்றார். அதே ஆண்டு நவம்பரில், வேறொரு கட்சியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2010இல் கிடைத்த பெருவெற்றிக்குக் கரணியம் அவர் முகமன்று. மக்கள் நெஞ்சில் மூண்டிருந்த சினம். அந்தச் சினம் அன்று நகைப்பாக வெளிப்பட்டது.

பெருமக்களே! இதிலிருந்து கொள்ளத்தக்கது யாது? எள்ளல் ஒரு கூர்வாள். அழுகிய கிளையை வெட்ட அது வேண்டும். ஆனால் வெட்டிய இடத்தில் நீர் வார்க்க வாளால் இயலாது. குடம் சுமக்கும் தோள் வேண்டும். நகைப்பினால் இருக்கையைப் பிடித்துவிட்டு, சுமை வந்தபோது மீண்டும் நகைத்தே தப்புகிறவன், தான் எள்ளிய பழையவர்களைவிடக் கொடியவன். அவர்கள் மக்களின் நம்பிக்கையை மட்டுமே கெடுத்தனர். இவன் நகைப்பின் மதிப்பையும் சேர்த்துக் கெடுக்கிறான்.

ஆகவே கூத்தன் ஒருவன் ஒப்போலை கேட்டு வந்தால், அவன் கோலத்தைப் பார்த்து வெறுக்கவும் வேண்டா. கைதட்டல் கேட்டு மயங்கவும் வேண்டா. ஒன்றை மட்டும் கேளுங்கள்: நகைப்பு ஓய்ந்த மறுநாட் காலை, கட்டணச் சீட்டோடு மக்கள் வாயிலில் வந்து நிற்கும்போது, கதவைத் திறந்து விடை சொல்ல இவன் இருப்பானா? இருப்பான் எனில் அவன் கூத்தும் ஆட்சியே. இரான் எனில் அவன் ஆட்சியும் வெறுங்கூத்தே.