நான்கு கட்டங்களும் பிறக்கும் பிள்ளையும்



பிறந்த குழந்தையைப் பார்க்க வருவோர், கண் தாயைப் போல, மூக்குத் தந்தையைப் போல என்று சொல்வது வழக்கம். பெற்றோர் இருவரிலும் காணப்படாத ஓரியல்பு பிள்ளையிலே தோன்றினால், இது யாரைக் கொண்டு பிறந்ததோ என்று வியப்பதும் வழக்கமே. ஆயின், அவ்வியல்பு ஒரு நோயாக இருந்துவிட்டால் வியப்புப் பழியாக மாறுகின்றது. அப்பழி பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகின்றது. இதற்கு நியாயம் உண்டா என்பதை ஒரு தாளும் பென்சிலும் கொண்டு நாமே கண்டறியலாம். அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

பரம்பரை இயல்புகள் ஒரு கணக்குக்கு அமையவே இறங்குகின்றன என்பதைக் காட்டியவர் கிரகோர் மெண்டல் என்னும் துறவி. இன்றைய செக் நாட்டிலுள்ள பர்னோ நகரத்து மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை வளர்த்து, தாம் கண்ட முடிவுகளை 1865ஆம் ஆண்டில் அறிஞர் கூட்டத்திலே வாசித்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தபோது, முதலிற் கிடைத்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அவற்றின் அடுத்த தலைமுறையிலோ 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சுருங்கும் இயல்பு அழிந்துவிடவில்லை, மறைந்திருந்தது. இத்தகைய ஓரியல்புக்கு இரண்டு பரம்பரையலகுகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்தும் மற்றையது தந்தையிடமிருந்தும் வருகின்றது என்று கொண்டால் இக்கணக்கு விளங்கிவிடும்.

இதனை ஒரு சதுரத்துள் அடக்கியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ரெஜினால்ட் புன்னெற். இலங்கையின் வண்ணத்துப் பூச்சிகளைப் பற்றி 1910இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவரும் இவரே. அவருடைய சதுரத்தை நாம் இப்போது வரைந்து பார்ப்போம். எடுத்துக்காட்டாகத் தலசீமியா என்னும் குருதி நோயைக் கொள்வோம்.

குருதியின் செங்குழியங்களிலே ஈமோகுளோபின் என்ற பொருள் உண்டு. உயிர்வாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அதனை ஆக்கும் பரம்பரையலகுகளில் ஒன்று நலமாகவும் மற்றையது குறையுடையதாகவும் இருப்பின், அம்மனிதர் பொதுவாக நலமாகவே வாழ்வர். சிலரிடம் இலேசான குருதிச்சோகை காணப்படலாம். இவர்களைக் காவிகள் என்பர். இரண்டுமே குறையுடையனவாயின், குழந்தை பிறக்கும்போது நலமாகத் தோன்றினாலும், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் கடுஞ்சோகை காணும். கடுமையான வகையிலே மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும். அவ்வாறு ஏற்றுவதனால் உடலிலே தேங்கும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும்.

இனிச் சதுரத்தை வரையுங்கள். நடுவே நிறுத்துக் கோடொன்றும் கிடைக் கோடொன்றும் இட்டால் நான்கு கட்டங்கள் அமையும். தாயும் தந்தையும் காவிகள் என்று கொள்வோம். நலமான அலகுக்கு ‘ந’ என்றும், குறையுடையதற்குக் ‘கு’ என்றும் எழுதுவோம். மேலே தாயின் ‘ந’, ‘கு’. இடப்பக்கத்திலே தந்தையின் ‘ந’, ‘கு’. ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு நேரே மேலுள்ள எழுத்தையும் பக்கத்திலுள்ள எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு ‘ந’, இரண்டு கட்டங்களில் ஒரு ‘ந’வும் ஒரு ‘கு’வும், எஞ்சிய கட்டத்தில் இரண்டு ‘கு’. அதாவது, குறையே இல்லாத பிள்ளை நாலில் ஒன்று. காவி நாலில் இரண்டு. நோயுற்ற பிள்ளை நாலில் ஒன்று.

நோயுள்ள அக்கட்டத்தைச் சற்றே உற்றுப் பாருங்கள். ஒரு ‘கு’ மேலிருந்து வந்தது. ஒரு ‘கு’ பக்கத்திலிருந்து வந்தது. தாயை மட்டும் பழிப்பதற்கு அங்கே இடமேது? பெற்றோருள் ஒருவர் மட்டுமே காவியாயின் அக்கட்டம் தோன்றுவதேயில்லை. இதனையும் வரைந்து பார்த்தால் ஐயம் தீரும்.

இனி, பலரை ஏமாற்றிவிடும் ஒன்றைக் கூறவேண்டும். நாலில் ஒன்று என்றதும், முதற் பிள்ளை நோயுடன் பிறந்துவிட்டதே, இனி மூன்று பிள்ளைகள் நலமாகப் பிறக்கும் என்று சிலர் ஆறுதலடைகின்றனர். இது பெருந்தவறு. நாணயத்தைச் சுண்டும்போது முன்னர் விழுந்தது தலையா பூவா என்பதை நாணயம் அறியாது. அவ்வாறே ஒவ்வொரு கருவிலும் சதுரம் புதிதாகத் தொடங்குகின்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே நாலில் ஒன்றுதான். காவிகளான நூறு தம்பதியருக்கு நந்நான்கு பிள்ளைகள் பிறப்பின், ஏறக்குறைய முப்பத்திரண்டு குடும்பங்களில் நோயுற்ற பிள்ளை ஒன்றேனும் இராது. அக்குடும்பங்களிலே குறை ஒருவருமறியாது மறைந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. நோயுற்ற பிள்ளையின் நலமான உடன்பிறந்தாரும் காவியாக இருத்தற்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. நோயுள்ள கட்டத்தை நீக்கி எஞ்சிய மூன்றையும் எண்ணினால் இது தெளிவாகும்.

மச்சானும் மச்சாளும் மணஞ்செய்யும் நம்மிடையே இன்னொன்றும் கருதத்தக்கது. பாட்டன் ஒருவர் காவியாயின், அவருடைய குறை மகன்வழியும் மகள்வழியும் இறங்கி, பேரப்பிள்ளைகளின் மணத்திலே மீண்டும் ஒன்றுசேர இடமுண்டு. உறவிலே மணஞ்செய்தோர் எல்லோருக்கும் இது நேரும் என்பதன்று. ஆயினும் அத்தகைய குடும்பங்களுக்குச் சோதனை மேலும் வேண்டற்பாலது.

சைப்பிரசுத் தீவிலே இந்நோய் மிகுந்திருந்தது. 1983இல் அங்குள்ள திருச்சபை, மணமக்கள் சோதனைச் சான்றிதழ் காட்டவேண்டுமென விதித்தது. அச்சான்றிதழ் மணத்தைத் தடுப்பதற்கன்று; அறிந்து முடிவு செய்வதற்கே. பின்னர் அங்கே இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் மிகவும் அருகினர். நம் நாட்டிலும் குருநாகலிலே இந்நோய்க்கெனத் தேசிய நிலையம் ஒன்று உண்டு. காவியா என்று அறியச் சிறிதளவு குருதியே போதும். முதலிலே செங்குழியங்களின் பருமனைப் பார்ப்பர். வேண்டின் ஈமோகுளோபினை வகைபிரித்துப் பார்ப்பர்.

நிறம், உயரம் போன்றவை பல அலகுகளாலும் வாழும் சூழலாலும் அமைவன. அவற்றுக்கு இந்தச் சிறு சதுரம் போதாது. இது நிச்சயத்தை உரைப்பதுமன்று, வாய்ப்பையே உரைக்கின்றது. காவியாயிருத்தல் நோயுமன்று, இழிவுமன்று. நோயுற்ற பிள்ளைகளும் தக்க சிகிச்சை பெற்றால் கற்று, தொழில் புரிந்து வாழ இயலும்.

கலியாணம் பேசும்போது சாதகத்தின் பன்னிரண்டு கட்டங்களையும் விரித்துவைத்துப் பொருத்தம் பார்க்கின்றோம். அவற்றின் பக்கத்திலே இந்த நான்கு கட்டங்களையும் வரைந்து வையுங்கள். பேச்சு முற்றாகுமுன், இருவரும் குருதிச் சோதனை செய்துகொள்ளட்டும். பின்னொரு நாள் ஒரு தாய் சுமக்கவேண்டிய வீண்பழியையும், ஒரு குழந்தை சுமக்கவேண்டிய நோயையும் முன்னறிந்து கொள்ளும் வழி அதுவே.