நண்டுதின்னி வந்திருக்கிறது

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் அரிச்சல்முனையில் கடலைப் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் போனால் கரையையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளை உடம்பு, கறுத்த முதுகு, தடித்த கறுப்பு அலகு, நீண்ட கால்கள். அதுதான் நண்டுதின்னி. இதன் குடும்பத்தில் உலகத்திலேயே இந்த ஓர் இனம்தான் உண்டு. அரபிக் கடலையும் செங்கடலையும் ஒட்டிய கரைகளில் மணலுக்குள் வளை தோண்டி ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். முட்டைக்கு வேண்டிய சூட்டில் பெரும்பங்கை வெயிலில் காய்ந்த மணலே கொடுத்துவிடுகிறது. அங்கே பருவம் முடிந்ததும் மன்னார் வளைகுடாப் பக்கமும் சிறு கூட்டங்கள் வந்து தங்குகின்றன.

இதைப் படமெடுக்க என்ன செய்ய வேண்டும்? துரத்தக் கூடாது. முதன்முதலில் நான் போனபோது அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, கடல் வத்தட்டும். நண்டு வெளிய வரும், பின்னாடியே குருவியும் வரும். நீங்க சும்மா படுத்துக் கெடங்க." இன்றுவரை அதைத்தான் செய்கிறேன். லென்ஸ் பறவையின் கண்மட்டத்தில் இருக்கும்படி ஈரமணலில் குப்புறப் படுத்துவிடுவேன். அருகில் வருவதா வேண்டாமா என்பது அதன் விருப்பம்.

வெளிச்சம் பற்றி ஒரு சொல். பின்னால் கடல் கருநீலமாக இருந்தால், கேமரா வெளிச்சத்தைக் கூடுதலாக வாங்கி இறகுகளை வெற்றுக் காகிதம்போல வெளுக்கவைத்துவிடும். ஆகவே அளவைச் சற்றுக் குறைத்து வையுங்கள். காலை வெயில் ஏறுமுன் எடுத்து முடிப்பது இன்னும் நல்லது.

நேயர்களே, நான் அங்கே திரும்பத் திரும்பப் போவது குஞ்சுக்காகத்தான். வளர்ந்து, கடல் கடந்து பறந்து வந்த பிள்ளை, இங்கே வந்த பிறகும் தாய் தகப்பனிடம் இரை கேட்கும்! சாம்பல் பூத்த உடம்பைக் குறுக்கிக்கொண்டு பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடும். பெரிய பறவை ஒரு நண்டைக் கவ்வி, உதறி, காலை ஒடித்துப் பதமாக்கும். பிள்ளை அலகை நீட்டும். அந்த நொடியைப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடியாவது வேண்டும். அதற்கும் மேலாக, அந்தக் குடும்பம் நம்மைக் கண்டு கலையாமல் இருக்க வேண்டும். கலைந்தால் பிள்ளைக்கு இரை போயிற்று. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

நேரம் முடிகிறது. எந்த லென்ஸ், என்ன விலை என்பதையெல்லாம் கடைக்காரர்கள் சொல்வார்கள். வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது உங்களில் யாராவது நண்டுதின்னியைப் பார்த்தால், நாளையும் இடத்தையும் எண்ணிக்கையையும் மறக்காமல் பதிவுசெய்வீர்கள் என்று நம்புகிறேன்.