ஆளுக்கொரு எடைக்கல்லா?



அரசியல்வாதி ஒருவர்மீது பாலியல் புகார் எழுந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? "எந்தக் கட்சிக்காரர்?" எதிர்க்கட்சி என்றால் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நம் கட்சி என்றால் சதி என்கிறோம். பாவூர்சத்திரம் சந்தையில் வாங்க ஒரு எடைக்கல், விற்க ஒரு எடைக்கல் வைத்திருக்கும் வியாபாரியிடம் நீங்கள் காய் வாங்குவீர்களா? ஒரு பெண்ணின் புகாரை மட்டும் இரண்டு கல்லால் நிறுக்கலாமா?

கர்நாடகத்தைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 26-இல் ஹாசன் தொகுதியில் வாக்குப்பதிவு. அதற்குச் சில நாள் முன்பு ஊரெங்கும் பென் டிரைவ்கள் இறைபட்டன. உள்ளே ஆபாச வீடியோக்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பிரஜ்வல் ரேவண்ணா, அத்தொகுதியின் அன்றைய எம்.பி., முன்னாள் பிரதமர் தேவகவுடாவின் பேரன். தேர்தல் நேரத்தில் வந்ததால் பொய் என்றார்கள்.

பென் டிரைவை இறைத்தவனுக்கு அரசியல் நோக்கம் இருந்திருக்கும். பெண்களின் முகத்தைத் தெருவில் இறைத்தவனும் குற்றவாளிதான். ஆனால் அவன் நோக்கம் வேறு, பிரஜ்வல் குடும்பத்து வீட்டில் வேலை செய்து, அவர்மீது பாலியல் புகார் கொடுத்த பெண்ணின் சாட்சியம் வேறு. அவன் கெட்டவன் என்பதால் அந்தப் பெண் பொய்க்காரி ஆகிவிடமாட்டார்!

நீதிமன்றம் அவர் கண்ணீரை மட்டுமா பார்த்தது? இல்லை. பத்திரமாக இருந்த அவருடைய சேலை தடயவியல் சோதனைக்குப் போனது; டிஎன்ஏ பொருந்தியது. ஜெர்மனிக்குப் போயிருந்த பிரஜ்வல் 2024 மே 31 அன்று பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கியதும் கைதானார். 2025 ஆகஸ்ட் 1-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, மறுநாள் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு செய்திருக்கிறார்; அது அவர் உரிமை.

இனி மறுபக்கம். ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில், 1994-இல் இஸ்ரோ உளவு வழக்கு. மாலத்தீவுப் பெண்கள் இருவர், ராக்கெட் ரகசியம், படுக்கையறை என்று பத்திரிகைகள் நாள்தோறும் கதை எழுதின. நம் நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 50 நாள் சிறையில் கிடந்தார். அந்தப் புயலில் 1995 மார்ச்சில் கேரள முதலமைச்சர் கருணாகரனின் பதவியும் போனது. 1996-இல் சிபிஐ வழக்கே பொய் என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம் நம்பிக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இதைக் காட்டி, பெண்கள் பொய்ப் புகார் கொடுப்பார்கள் என்று எவரும் பேச வேண்டாம். அந்த வழக்கில் பாலியல் புகார் கொடுத்த பெண்ணே இல்லை! அந்தப் பெண்களும் சிறையில்தான் வாடினார்கள். கதை கட்டியது போலீஸ், பரப்பியது பத்திரிகை, நம்பியது ஊர்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பாதிக்கப்பட்டவரே சொல்கிறாரா, அவர் பெயரால் வேறொருவர் சொல்கிறாரா? அவர் சொல்லுக்குத் துணையாகத் தடயம் உண்டா? விசாரணைக்கு நிற்பவர் யார், நழுவுபவர் யார்?

"ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். குற்றாலத்து விடுதியில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண், காரில் கொடி கட்டி வரும் ஒருவர்மீது புகார் கொடுக்க மறுநாளே காவல் நிலையம் போய்விட முடியுமா? போனால் மறுமாதம் வேலை இருக்குமா? தாமதம் பயத்தின் அடையாளம். பொய்யின் சான்று அல்ல.

அந்தப் பயத்தை வளர்ப்பது யார்? 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார்! உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. பெயரை வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அத்தனைக்கும் பிறகு பெண்கள் துணிந்து சாட்சி சொன்னதால்தான் 2025 மே 13-இல் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை கிடைத்தது.

தோழர்களே, எதிரிமீது புகார் வரும்போது நியாயம் பேசுவது சுலபம். நம் தலைவர்மீது வரும் நாள்தான் நமக்குச் சோதனை. அன்றைக்கும் கட்சியைக் கேட்காதீர்கள், ஆதாரத்தைக் கேளுங்கள். கைக்கு வரும் வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். புகார் கொடுத்த பெண்ணின் பெயரை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். தீர்ப்பு வரும்வரை அவரைத் தூற்றாதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரைத் தூக்கிலும் போடாதீர்கள். குற்றம் நிரூபணமானால், அவர் நம்மவரே ஆனாலும் மாலையைக் கழற்றி வெளியே அனுப்புங்கள்.