நடுநிசியில் வரும் தலைநோய்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுவிழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எங்களையும் அவ்வாறே பேசப் பணித்தனர். நாங்களோ ஒரு தலைவலியைப் பற்றிப் பேச இசைவு வேண்டிப் பெற்றோம். அவையில் சிலர் முறுவலிப்பது தெரிகின்றது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. எங்கள் இல்லத்திற்கு அது வந்தது, ஆகவே பேசுகின்றோம்.

எங்கள் தமையனார் இவ்வூர் உருக்காலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். இவ்வவையில்தான் அமர்ந்திருக்கின்றார், அவர் ஒப்புதல் பெற்றே இதனைக் கூறுகின்றோம். கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் அச்சம் குடிபுகும். இரவு பத்து மணிக்கு உறங்கச் செல்வார். பதினொன்றரை மணிக்கு அலறி எழுவார். வலக் கண்ணின் பின்னே காய்ச்சிய இரும்பைச் செலுத்தினாற்போன்ற வலி. அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் சொரியும், அப்பக்கத்து மூக்கு அடைத்து ஒழுகும், இமை சரியும். படுக்கவும் இயலாது, அமரவும் இயலாது; தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடப்பார்; சுவரில் தலையை முட்டிக்கொள்வார். ஒரு மணி நேரம் சென்றால் வலி வந்த வழியே மறையும். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் வரும். தை பிறந்தால் அடியோடு அகன்றுவிடும். பொங்கல் எங்களுக்கு இரட்டைத் திருநாள்!

நடுநிசியில் சிவந்த கண்ணோடு நடப்பவரைக் கண்ட அயலார், குடித்துவிட்டு உலவுகின்றார் என்று முடிவு கட்டினர். எங்கள் அண்ணியாருக்கு ஆறுதல் கூறிச் சென்றோரும் உளர். அவர்களை நாங்கள் நோகவில்லை. நாங்களும் குற்றமற்றவர் அல்லோம். "மனத்தை அடக்கிக்கொண்டு படுங்கள்" என்று பன்முறை கடிந்திருக்கின்றோம். மருத்துவர் ஒருவர் நீர்க்கோவை என்றார். மற்றொருவர் பல்லின் குறை என்று கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார். பற்கள் போயின, வலி போகவில்லை. பதினோராம் ஆண்டில் நரம்பியல் வல்லுநர் ஒருவரிடம் சென்றோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை மணிக்கு வருகின்றது?" என்பதே. அந்த ஒரு கேள்வியில் எங்கள் இருள் விலகத் தொடங்கியது.

இந்நோய்க்குக் கொத்துத் தலைவலி என்று பெயர். வலிகள் சில வாரங்களோ மாதங்களோ கொத்தாக வந்து, பின் நெடுநாள் ஒழிந்திருப்பதால் அப்பெயர். ஏறத்தாழ ஆயிரவரில் ஒருவர்க்கு வருவது, ஆடவர்க்கே மிகுதி. ஒவ்வொரு வலியும் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறை வருவதும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாது படுத்திருக்க விரும்புவர். இந்நோயாளியோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளார். இவ்வேறுபாட்டை உங்கள் நினைவில் இருத்த வேண்டுகின்றோம்.

உறங்கிய சிறிது நேரத்தில் இது வருவானேன்? நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்னும் சிற்றுறுப்பு உண்டு. பசி, உடல் வெப்பம், உறக்கம், விழிப்பு ஆகியவற்றை அது ஆள்கின்றது. அதனுள்ளேதான் நாள் முழுமைக்கும் பொழுதைக் கணிக்கும் உடற்கடிகாரம் அமைந்துள்ளது. 1998-ஆம் ஆண்டில் லண்டனில், வலி வந்திருக்கும் வேளையில் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தனர். ஹைபோதலாமஸின் பின்பகுதி கிளர்ச்சியுற்றிருந்தது. கடிகாரம் இருக்கும் அரண்மனையிலேயே கலகம்! நோய் மணி தவறாது வருவதன் மருமம் ஒருவாறு புலப்பட்டது.

இரவானதும் அக்கடிகாரத்தின் ஏவலால் மூளையில் மெலடோனின் என்னும் பொருள் சுரக்கும். உடலுக்கு இரவு வந்தது என்று அறிவிக்கும் பறை அது. கொத்துத் தலைவலி உடையாரிடம் அச்சுரப்பு குறைந்திருத்தலை ஆய்வாளர் கண்டனர். 1996-இல் வெளிவந்த ஒரு சிறு சோதனையில் பத்துப் பேருக்கு மெலடோனின் அளித்ததில் ஐவருக்குக் குணம் தெரிந்தது; ஏனையோர்க்குத் தெரியவில்லை. விழிப்பைக் காக்கும் ஒரெக்ஸின் என்னும் மற்றொரு பொருளும் ஹைபோதலாமஸிலேயே உண்டாகின்றது. இந்நோயாளரின் மூளைத் தண்டுவட நீரில் அதன் அளவு குறைந்திருப்பதாக 2015-இல் ஓர் ஆய்வு கூறியது. வலி கனவுறக்கத்தோடு பிணைந்தது என்றும் முன்னர்க் கருதினர். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. உறக்கத்திற்கும் இந்நோய்க்கும் உறவு உண்டு என்பது தெளிவு. அவ்வுறவின் முழுக் கணக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் தமையனார் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்கிய நாள்களில் வலியும் பகலில் வந்ததுண்டு. "நான் எங்கே உறங்கினாலும் அது என்னைத் தேடி வருகிறது" என்பார். அன்று அதனை மனப்பிரமை என்று எண்ணினோம். அவர் கூறியது முற்றும் உண்மை என்று இன்று அறிந்துகொண்டோம்.

இனி மருந்து. எரியுருக்கி உலைகளின் ஊரில் வாழும் உங்களுக்குப் பிராணவாயு புதிதன்று; இரும்பு உருக்காவது அதனால். இத்தலைவலியும் அதனால் தணிகின்றது என்பது எங்களுக்கே வியப்பு. முகமூடி வழியாகத் தூய பிராணவாயுவை நிமிடத்திற்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் அளித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 78 வலிகள் கால் மணி நேரத்தில் தணிந்தன. வெறுங்காற்று அளித்தபோது 20 மட்டுமே. ஆலையின் சிலிண்டரைத் தேடிச் செல்லாதீர்கள். மருத்துவர் எழுதித் தரும் மருத்துவப் பிராணவாயுவே வேண்டும். அதன் அருகில் நெருப்பும் சுருட்டும் ஆகா. சுமாட்ரிப்டான் ஊசி வலியை விரைந்து தணிக்கும். வெராபமில் என்னும் மாத்திரை வலி வாராமல் காக்கும். இதயத் துடிப்பைப் பதிந்து பார்த்தே அதனைத் தருவர். நோய்க்காலத்தில் ஒரு வாய் மதுவும் வலியை எழுப்பக்கூடும். தமையனார் அக்காலத்தில் மதுவை மணந்தும் பாரார். அவரையன்றோ குடிகாரர் என்றோம்!

அன்பர்களே, எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒரே பக்கம், ஒரே நேரம், ஒரே பருவம் என வரும் தலைவலி உங்கள் வீட்டில் இருக்குமாயின், வந்த நாள், நேரம், நீடித்த அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையில் வேறு நோய் இல்லை என்பதை அவர் படமெடுத்து உறுதி செய்வார். இரண்டாவது, வலியின் கொடுமையால் உயிரையே வெறுப்பார் இந்நோயாளிகளில் உளர். அத்தகைய சொல் காதில் விழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்றாவது, நள்ளிரவில் ஒரு வீட்டில் விளக்கெரிந்தால், ஒருவர் தாழ்வாரத்தில் நடந்தால், தீர்ப்புக் கூறுமுன் கதவைத் தட்டி, "என்ன வேண்டும்?" என்று கேளுங்கள்.

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு உறவென்று இருப்பது இக்குடியிருப்பே. சென்ற கார்த்திகையில் எங்கள் வீட்டில் பிராணவாயு இருந்தது. தமையனார் கால் மணியில் தணிந்து மீண்டும் உறங்கினார். எங்கள் அண்ணியாரும் உறங்கினார். பல ஆண்டுகளில் அதுவே அவர் அச்சமின்றி உறங்கிய முதற் கார்த்திகை. அந்த உறக்கம் இன்னும் ஓரில்லத்திற்கு வாய்க்குமாயின், இந்த மேடை எங்களுக்குப் பயன் தந்ததாகும்.