அலுவலகக் கணினியை மாற்ற வேண்டும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியது)

நம் சங்க அலுவலகக் கணினியில் இன்னமும் விண்டோஸ் 7தான். "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குச் செலவு?" என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

விண்டோஸின் மையப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஒரு புரோகிராம் இன்னொன்றின் நினைவகத்தை எட்டிப் பார்க்காமல் காப்பது அதன் வேலை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. இன்டெல் சிப்பிலேயே இருந்த கோளாறு அது. சாதாரண புரோகிராம்கூட கெர்னல் நினைவகத்தைப் படித்துவிடலாம், கடவுச்சொல் உட்பட. அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் தந்த அப்டேட், 64 பிட் விண்டோஸ் 7-இல் இன்னும் பெரிய வழியைத் திறந்துவிட்டது! பூட்டைச் சரிசெய்ய வந்தவர் சாவி அலமாரியைத் திறந்துபோட்டுப் போன கதை. உல்ஃப் ஃபிரிஸ்க் என்ற ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தார். மார்ச் இறுதியில் அவசரத் திருத்தம் வந்தது.

அன்று திருத்தித் தர ஆள் இருந்தார்கள். 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான இலவச அப்டேட் நின்றுவிட்டது. நம் கணினியிலோ வாடகைதாரர்களின் ஆதார் நகல், எல்லோர் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. பராமரிப்புக் கணக்கையும் அதில்தான் திறக்கிறோம்.

புதுக் கணினிக்கு ஒப்புதல் கேட்கிறேன். அதுவரை வங்கி வேலையை அதில் செய்ய வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.