இல்லமே முதற் பள்ளி



கல்விக்கு ஆசை மட்டும் போதாது. அவ்வாசையைத் தாங்கி நிற்க ஓர் இல்லமும் வேண்டும். 1880-இல் வங்கத்தில் பிறந்த ரொக்கேயா அம்மையார் ஆங்கிலம் கற்பதைத் தந்தையார் விரும்பவில்லை. தமையனாரோ, வீடு உறங்கிய பின் மெழுகுவத்தி ஒளியில் மறைவாகக் கற்பித்தார். மணந்த கணவரும் ஊக்கமளித்தார். கணவர் மறைந்த பின், அம்மையார் 1911-இல் கல்கத்தாவில் எட்டே மாணவியருடன் முஸ்லிம் சிறுமியர்க்குப் பள்ளி தொடங்கினார். தடையும் துணையும் ஒரே இல்லத்தில் இருந்தன!

2006-இல் வெளியான சச்சார் குழுவின் அறிக்கை, 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் சிறாரில் நால்வரில் ஒருவர் பள்ளியே காணாதவர், அல்லது இடையில் நின்றவர் என்றது. மதரஸாவே காரணம் என்பார் உளர். அங்குப் பயில்வோரோ பள்ளி வயதினரில் நூற்றுக்கு மூவரே என்றும் அது காட்டியது. வறுமை, படித்தால் வேலை கிட்டுமா என்னும் பெற்றோரின் ஐயம், வீட்டில் பாடம் சொல்ல ஆளின்மை ஆகியவையே பெருந்தடைகள்.

நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல நாம் இருக்கிறோம். குடும்பத்திலேயே முதன்முதலாகப் புத்தகம் ஏந்தும் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு, நாமும் அத்தமையனாராக ஆகலாகாதா? நம் சங்கத்து நூலக அறையை மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்கும் திறந்து வைப்போமாக.